அபேட்சகரை அவையேற்றல்

ஆவடி என்றவுடன் இக்காலத்து இளைஞர்க்குப் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளே நினைவில் எழும். வயது முதிர்ந்தார்க்கோ, 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். அச்சபையின் 60-ஆவது கூட்டம் அது. கூட்டம் நிகழ்ந்த இடத்துக்குத் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டனர். காமராசர் அப்போது சென்னை இராச்சியத்தின் முதலமைச்சர். சமதர்ம முறையில் அமைந்த சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியமையின், 'ஆவடித் தீர்மானம்' என்னும் தொடர் சரித்திர நூல்களில் நிலைபெற்றுவிட்டது. அம்பத்தூர், திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லிப் பக்கத்தினராகிய நாம் அதனைப் பெருமையொடு சொல்லிக்கொள்ளுகின்றோம். சொல்லிக்கொள்ளத் தக்கதே.

யான் ஈண்டு ஆராயப் புகுவது அத்தீர்மானத்தையன்று. அக்கூட்டத்துக்கு அக்கிராசனம் வகித்தவர் யு. என். தேபர். நேருவுக்குப் பின் அப்பதவிக்கு வந்த அவரை எதிர்த்துப் போட்டி நிகழவில்லை. நிகழாமை அன்று எவர்க்கும் வியப்பாகவும் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய சபைக்குத் தலைவராவார் யாவர் என்பது, பந்தலிலே கூடிய பல்லாயிரவர் முன்னிலையில் வாதித்து முடிவு செய்தற்குரிய செய்தியாகக் கருதப்படவில்லை. ஒரு கட்சிக்குள்ளேயே ஒரு பதவியை இருவர் மூவர் விழைவாராயின், தேர்ந்தெடுக்கும் உரிமையுடையார் முன் அவர் நேருக்கு நேர் நின்று தத்தம் கொள்கையை எடுத்துரைத்தல் வேண்டுமா, வேண்டாவா? வேண்டும் என்று கேட்டவர்க்குக் கட்சிப் பெரியோர் கூறிய விடை யாது? இதுவே என் ஆராய்ச்சிப் பொருள்.

இலக்கணம் கற்பிப்போன் ஆதலின் நன்னூலை ஒருமுறை தொட்டுச் செல்கின்றேன், அன்பர்கள் பொறுத்தருள்க. நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு வகைப்படும் என்பது பவணந்தியார் கூற்று. பிறர் கொள்கைக்கு இசைதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்பார்போல் ஏற்றுப் பின் நீக்குதல் என்று விரியும் அவ்வேழனுள், இருவர் தம்முள் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிந்து கொள்ளுதலும் ஒன்று. வோட்டர் செய்ய வேண்டிய தொழில் முழுவதும் இவ்வொன்றனுள் அடங்கிவிடும். இருவரும் கூறினாலன்றோ ஒருவர் கூற்றைத் துணியலாகும்? இருவரும் வாய் திறவாதிருப்ப, நிறம் பார்த்தும், முகம் பார்த்தும், குலம் பார்த்தும் துணிதல் துணிவாகாது; குறி கேட்டலை ஒக்கும்.

காங்கிரஸ் மகாசபை தன் இளமைப் பருவத்தில் இதனை உணராததன்று. 1887-இல் அச்சபை பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையிலே முதன்முறை கூடிய காலை, எம். வீரராகவாசாரியார் 'காங்கிரஸ் வினாவிடை' என்னும் சிறு நூலைத் தமிழில் வெளியிட்டார். நாட்டுப்புறத்தான் வினவ, கற்றவன் விடை பகர, சட்டசபை என்பது யாது, பிரதிநிதி என்பவர் யாவர், வரிப்பணம் எங்கே செல்லுகின்றது என்பனவெல்லாம் அதன்கண் தெளிவாயின. 30,000 பிரதிகள் வரை பரவின என்பர். வோட்டுரிமை என்பது குடியானவன் கனவிலும் காணாத அக்காலத்தில், அவனை வினவுவோனாக வைத்து ஒரு நூல் எழுதினார் என்பது எண்ணுந்தோறும் உவகை தருகின்றது. வோட்டுரிமை வந்தபின்னர் அவ்வினாக்கள் எங்கே போயின என்பதுதான் புலப்படவில்லை.

20 ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. 1907-ஆம் ஆண்டு டிசம்பரில் சூரத்து நகரில் கூடிய சபையில், ராஷ் பிகாரி கோஷ் தலைவராவதா, வேறொருவர் ஆவதா என்னும் பூசல் எழுந்தது. திலகர் மேடையேறிப் பேச இடங்கேட்டார், மறுத்தனர். அதன்பின் பறந்தது செருப்பு, ஒடிந்தன நாற்காலிகள். சபை இரண்டாகப் பிளந்து, மீண்டும் ஒன்றுகூட 1916-ஆம் ஆண்டு இலட்சுமணபுரிக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியாரும் சூரத்துக்குச் சென்றிருந்தனர்.

நிற்க. இப்பொருளைப்பற்றி இந்நாட்டில் எழுத்து மூலமாகவே நிகழ்ந்த பெரிய வாதம் 1939-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதனைச் சற்று விரித்தே கூறல் வேண்டும்.

அவ்வாண்டுத் தலைமைப் பதவிக்கு மௌலானா ஆசாத், பட்டாபி சீதாராமையர், சுபாஷ் சந்திர போஸ் என்னும் மூவர் பெயர் பிரேரேபிக்கப்பட்டன. முந்தைய ஆண்டு ஹரிபுராவில் தலைமை வகித்த போஸ் இரண்டாமுறையும் நிற்க விரும்பினார். ஆசாத் விலகிக்கொண்டு பட்டாபியைச் சிபாரிசு செய்தார். அப்போது போஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். நாட்டின் முன்னிருக்கும் பிரச்சினைகளையும், அவற்றைத் தீர்க்கும் திட்டங்களையும் அடிப்படையாக வைத்தே தலைவர் தேர்தல் நிகழ்தல் வேண்டும். சுதந்திர நாடுகளில் அங்ஙனமே நிகழ்கின்றது. ஆதலின் போட்டியுண்டாதல் தீதன்று, நன்றே என்பது அதன் கருத்து. அக்காலத்துப் பெரும்பிரச்சினை, பிரிட்டிஷார் வகுத்த சமஷ்டித் திட்டத்தை ஏற்பதா, எதிர்ப்பதா என்பது. அதுபற்றி அபேட்சகர் ஒவ்வொருவரும் தம் கருத்தை வெளியிடட்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

சர்தார் படேல், ராஜேந்திர பிரசாத், கிருபளானி முதலிய காரியக் கமிட்டி உறுப்பினர் எழுவர் ஒன்றுகூடி மறுமொழி விடுத்தனர். தலைவர் பதவி நியமங்களுக்குட்பட்ட அரசரது பதவி போன்றது. கொள்கையை வகுப்பவை மகாசபையும் அதன் கமிட்டிகளுமேயன்றித் தலைவர் அல்லர். ஆதலின் கொள்கை வாதம் தலைவர் தேர்தலுக்கு இயைபுடையதன்று. இதுவரையிற் போல ஒருமனதாகத் தேர்தல் நிகழ்வதே சிறப்பு. போஸ் மறுபடி எண்ணிப்பார்க்கக் கடவர் என்பது அதன் சாரம்.

இரண்டு கூற்றையும் நடுநிலையில் நின்று நோக்கின், இரண்டாவது கூற்றிலும் ஒரு நியாயம் உண்டு. சட்டத்தின்படி கொள்கை வகுக்கும் அதிகாரம் சபைக்கே உரியது. ஆயின், அதிகாரமில்லாத வெறும் அலங்காரப் பதவி அஃது எனின், அதன்பொருட்டு எழுவர் கூடி அறிக்கைவிடும் அளவுக்குக் கவலை ஏன்? இவ்வினாவுக்கு அன்று எவரும் விடை தந்திலர்.

ஒன்றை மறத்தலாகாது. இவ்வறிக்கைகள் யாவும் பத்திரிகைகளில் வெளிவந்தன. நாடெங்கும் இருந்த பிரதிநிதிகள் அவற்றைப் படித்தனர். தத்தம் மாகாணத்திலேயே வோட்டுப் போட்டனர். மேடையில் நேருக்கு நேர் நிகழாவிடினும் அதுவும் ஒரு சொற்போரே. ஜனவரி 29-இல் முடிவு தெரிந்தது. போஸுக்கு 1,580, பட்டாபிக்கு 1,377. 203 வோட்டு வித்தியாசத்தில் போஸ் வென்றார். தமிழ் நாட்டுப் பிரதிநிதிகளுள்ளும் பெரும்பான்மையோர் அவர் பக்கமே நின்றனர். அன்று முதன்மந்திரியாக இருந்த ராஜாஜியின் சார்பு மற்றைப் பக்கம். பட்டாபியின் தோல்வி அவரினும் தமக்கே தோல்வி என்று காந்தியடிகள் அறிக்கையிட்டார்.

பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. மார்ச்சு மாதத்தில் திரிபுரியில் கூடிய சபை, காந்தியடிகளின் விருப்பத்துக்கு இணங்கவே காரியக் கமிட்டியை அமைத்தல் வேண்டும் என்று தீர்மானித்தது. நோயுற்றிருந்த போஸ் ஏப்ரல் 29-இல் பதவியைத் துறந்தார். வோட்டர் வாதத்தைக் கேட்டுத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு மூன்று மாதம் நின்றது. பெரியோர்பால் எனக்குள்ள மதிப்புக் குறையாமலே, இஃது அம்மகாசபையின் சரித்திரத்தில் ஒரு குறை என்று கூறத் துணிகின்றேன்.

நம் மாகாணத்தில் 1940-இல் காமராசர் 103 வோட்டும், சி. பி. சுப்பையா 100 வோட்டும் பெற்ற தமிழ் நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலும், 1954-இல் காமராசர் 93-உம் சி. சுப்பிரமணியம் 41-உம் பெற்ற சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தலும் உண்டு. முன்னது சத்தியமூர்த்தி, ராஜாஜி என்னும் இருவர் செல்வாக்கை நிறுத்துப் பார்த்த தராசு. பின்னது ராஜாஜி விலகியபின் கட்சியார் மனம் எங்கே நிற்கின்றது என்று காட்டியது. தோற்ற சுப்பிரமணியத்தைக் காமராசர் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார் என்பதனால், போட்டி பகையை வளர்க்கும் என்னும் அச்சம் எல்லாவிடத்தும் பொருந்தாமை விளங்கும்.

இனி, 1939-இல் எழுந்த அதே வாதம் 76 ஆண்டு கழித்து, கடல் கடந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்த வகையைக் கூறுவேன். அங்கே பிரசிடெண்டு தேர்தலுக்கு முன், ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர் யாவர் என்பதை இராச்சியந்தோறும் நடக்கும் முன்தேர்தலால் முடிவு செய்யும். அதில் வோட்டளிப்போர் கட்சி நிர்வாகிகள் மட்டும் அல்லர், சாமானிய வோட்டர்களே. அவர்கள் கேட்கும்பொருட்டு அபேட்சகர்கள் ஒரே மேடையில் நின்று வாதிப்பது வழக்கம். 2008-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் ஜனநாயகக் கட்சியார் 20-க்கு மேற்பட்ட வாதங்கள் நடத்தினர்.

2015-இல் அக்கட்சியின் தேசியக் கமிட்டி, இம்முறை 6 வாதங்களே நிகழும் என்று அறிவித்தது. அதனொடு ஒரு நிபந்தனையும் விதித்தது: கமிட்டியின் அநுமதி பெறாத வேறு மேடையில் வாதித்த அபேட்சகர்க்கு இந்த ஆறிலும் இடமில்லை. முதல் நான்கனுள் ஒன்று கிறிஸ்து பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை இரவிலும், மற்றொன்று விடுமுறையைச் சார்ந்த ஞாயிற்றுக்கிழமை இரவிலும் வைக்கப்பட்டன. வீட்டில் இருப்போரும் தொலைக்காட்சிப் பெட்டியை நாடாத இரவுகள் அவை. பெயரும் புகழும் முன்னரே வாய்ந்த ஹிலாரி கிளிண்டனுக்கு அனுகூலமாகவே இங்ஙனம் செய்தனர் என்று மற்றை அபேட்சகராகிய பெர்னி சாண்டர்ஸ், மார்ட்டின் ஓமாலி என்போரைச் சார்ந்தவர்கள் குற்றஞ்சாட்டினர். கமிட்டித் தலைவி டெப்பி வாசர்மன் ஷுல்ட்ஸ் அதனை மறுத்தார். அபேட்சகர்கள் வாதத்துக்கு ஆயத்தமாவதிலேயே காலத்தைக் கழியாமல், வோட்டரை நேரிற் காண நேரம் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

ஆகஸ்டு மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் கமிட்டி கூடியபோது, ஓமாலி அம்மேடையிலேயே எழுந்து, முதல் நான்கு இராச்சியங்கள் வோட்டளிக்குமுன் நான்கே வாதமா என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கமிட்டியின் உபதலைவர் இருவரே இன்னும் வாதங்கள் வேண்டும் என்றனர். செப்டம்பர் 19-இல் நியூ ஹாம்ஷயர் இராச்சியத்துக் கட்சி மகாநாட்டில் தலைவி பேச எழுந்தபோது, கூடியிருந்த கட்சியினர் "இன்னும் வாதம், இன்னும் வாதம்" என்று ஆரவாரித்து அவரது பேச்சைத் தடுத்தனர். எதிர்க்கட்சியார் கூச்சலிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். தம் கட்சித் தலைவியை நோக்கித் தம்மவரே, பதவி வேண்டாது, பணம் வேண்டாது, கேட்பதற்கு ஒரு வாய்ப்பு வேண்டிக் கூச்சலிட்டதனை யான் வேறெங்கும் படித்திலேன்.

கமிட்டி நெடுநாள் அசையவில்லை. அயோவா இராச்சியத்தார் 2016 பிப்ரவரி 1-இல் வோட்டளிக்கும் தறுவாயில், அநுமதியின்றியே ஒரு வாதத்தை நடத்தப் பத்திரிகை ஒன்றும் தொலைக்காட்சி நிலையம் ஒன்றும் முற்பட்ட பின்னரே இசைந்து, மேலும் சில வாதங்களைச் சேர்த்தது. முடிவில் 9 நிகழ்ந்தன. புதிதாகச் சேர்த்த முதல் வாதம் பிப்ரவரி 4-இல் டர்ஹாம் நகரில் நடந்தது. அதனை எவரினும் உரத்துக் கேட்ட ஓமாலி அம்மேடையில் இல்லை. அயோவாவில் தோற்று, மூன்று நாட்களுக்கு முன்னரே போட்டியினின்றும் விலகிவிட்டார். மே மாதத்தில் கலிபோர்னியாவில் நிகழவிருந்த கடைசி வாதத்துக்குக் கிளிண்டன் இசையாமையின் அது நடவாமலே போயிற்று. ஜூலையில் தலைவி பதவி துறந்தார். கமிட்டிப் பணியாளர் சிலர் ஒருதலைச் சார்பாக எழுதிய கடிதங்கள் வெளிப்பட்டது அதற்குக் காரணம். அடுத்த தேர்தலுக்கு அக்கமிட்டியே 12 வாதங்களை முன்கூட்டித் திட்டமிட்டது, 11 நடந்தன. கூச்சலிட்டவர் கேட்டது, கேட்ட நான்காம் ஆண்டில் கிடைத்தது.

இவ்வளவும் கூறியதனால், வாதித்த மாத்திரையானே நல்ல தலைவர் வாய்ப்பர் என்று யான் கூறுவதாக எண்ணற்க. 2022-இல் இங்கிலாந்தின் கன்சர்வேட்டிவ் கட்சியார் லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக் என்னும் இருவரையும் நாடு முழுதும் 12 ஊர்களில் கட்சி உறுப்பினர் முன் நிறுத்தி வினவச் செய்தனர். அத்தனையும் கேட்டு அவர் தேர்ந்தெடுத்த ட்ரஸ் அம்மையார் 50 நாள் பதவியில் நிலைத்திலர். ஆயினும், வரிகளைக் குறைப்பதுபற்றி அவர் என் செய்வார் என்பதும், செய்தால் என்ன கேடு நேரும் என்பதும் அம்மேடைகளிலேயே வெளியாயின. சுனக் அதனை எடுத்துக்காட்டினார். கேட்டும் கொள்ளாமை வேறு. கேட்கவே விடாமை வேறு.

அதே ஆண்டில் நம் நாட்டுக் காங்கிரஸிலும் தலைவர் தேர்தல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அப்பதவிக்குப் போட்டி நிகழ்ந்த ஆண்டுகள் விரல்விட்டு எண்ணத் தக்கன. தேர்தலுக்கு முன்னரே சசி தரூர், நம் சிவகங்கைத் தொகுதியின் கார்த்தி சிதம்பரம் உள்ளிட்ட பார்லிமெண்டு உறுப்பினர் ஐவர், வோட்டளிக்கும் பிரதிநிதிகள் யாவர் என்னும் ஜாபிதாவைக் காட்டுக என்று தேர்தல் அதிகாரி மதுசூதன் மிஸ்திரிக்கு எழுதினர். வோட்டர் யாவர் என்றே தெரியாத தேர்தலில் வாதம் யாரிடம் செய்வது? மல்லிகார்ஜுன கார்கேயை எதிர்த்து நின்ற தரூர், இங்கிலாந்தைச் சுட்டிக்காட்டித் தாம் பகிரங்க வாதத்துக்கு ஆயத்தம் என்றார். கார்கே அதனை விரும்பவில்லை. தரூர் சென்னைச் சத்தியமூர்த்தி பவனத்துக்கு வந்து வோட்டுக் கேட்டபோது, அங்குக் கூடிய பிரதிநிதிகள் மிகச் சிலரே. அக்டோபர் 17-இல் வோட்டளித்தனர். கார்கேக்கு 7,897; தரூருக்கு 1,072; செல்லாதன 416. வாதம் நிகழ்ந்திருந்தாலும் முடிவு மாறியிராது என்பது என் துணிபு. அங்ஙனமாயின் அஞ்சியது எதற்கு என்பதும் என் வினா.

சத்தியமூர்த்தியின் பெயர் பூண்ட கட்டடத்தில் இது நிகழ்ந்தது நினைக்கத்தக்கது. தில்லிச் சட்டசபையில் எதிரணியினின்று வினாக்கள் தொடுப்பதில் தன்னிகரற்று விளங்கியவர் அவர்.

நம்மவர் இங்கே உத்திரமேரூரை எடுத்துக்காட்டுவர். முதற் பராந்தகன் காலத்து, கி. பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பது மெய்யே. 30 குடும்புகள், சொந்த மனையில் வீடு, கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயது, கல்வி, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கு. இத்தனையும் பார்த்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அபேட்சகனது தகுதியை ஆராய்ந்த நுட்பத்தை எத்துணைப் புகழினும் தகும். ஆனால் அஃது அந்தணர் சபைக்குரிய ஏற்பாடு. நம் முன்னோர் பெயர் எழுதிய ஓலை அக்குடத்துள் விழுந்ததில்லை. அன்றியும், வாரியப் பெருமக்களாவார் இன்னது செய்வேன் என்று அவையில் உரைத்ததாக அக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவையிலே ஏறி வாதித்தலுக்கு வேறு சான்று தேடவேண்டின், மணிமேகலை கூறும் பட்டிமண்டபத்தையும், அக்காப்பியத் தலைவி வஞ்சியிலே பல சமயவாதிகளையும் ஒவ்வொருவராக வினவிக் கேட்டதனையும் காட்டலாம். பதவிக்கு ஓலை ஓரிடத்தில். வாதத்துக்கு மேடை மற்றோரிடத்தில். இரண்டும் நம் நாட்டில் இருந்தன, ஒன்றோடொன்று சேரவில்லை.

இக்காலத்தில் நம் மாநிலத்துப் பெருங்கட்சிகளில் வழக்கம் யாது? தொகுதியை விரும்புவோர் கட்டணம் செலுத்தி விருப்ப மனுக் கொடுக்கின்றனர். தலைமையிடத்தார் அவரை அழைத்து நேர்காணல் நடத்துகின்றனர். கதவு அடைக்கப்படுகின்றது. பின்னர் ஜாபிதா வெளியாகின்றது. 2014 பொதுத்தேர்தலுக்கு முன் காங்கிரஸார் இந்தியாவின் சில தொகுதிகளில் மட்டும் கட்சியினரைக் கொண்டு முன்தேர்தல் நடத்திப் பார்த்தனர், அது வேரூன்றவில்லை. 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பால் ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் என்பன தனித்தனிச் சட்டமன்றத் தொகுதிகளாகி, 2011 முதல் வோட்டளித்து வருகின்றன. ஒரே கட்சியில் ஆவடியை விரும்பி மனுக் கொடுத்த இருவர், ஆவடி வோட்டர் முன் ஒரு நாழிகையேனும் ஒன்றாக நின்று பேசக் கண்டதுண்டா?

கட்சிகளை மட்டும் குறை கூறல் முறையன்று. நம்போன்ற குலச் சங்கங்கள் கேட்டது என்ன என்பதையும் நோக்குவோம். 1951-52-இல் வட, தென் ஆர்க்காடுகளில் வன்னியர் சங்கத் தலைவர்கள் காங்கிரஸிடம் போதிய ஸ்தானம் கேட்டுப் பெறாமையின், உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் கண்டு, முறையே 19 ஸ்தானமும் 6 ஸ்தானமும் வென்றனர். அமைப்பின் வலிமைக்கு அது சிறந்த சான்று. பின்னர் மாணிக்கவேலு நாயகர் ராஜாஜி மந்திரிசபையிலும், ராமசாமி படையாட்சியார் காமராசர் மந்திரிசபையிலும் இடம்பெற்றனர், கட்சிகள் மறைந்தன. அதுமுதல் இன்றளவும், எக்குலத்துச் சங்கமாயினும், தேர்தல் வருங்கால் நிறைவேற்றும் தீர்மானம் ஒன்றே: எம்மவர்க்கு இத்தனை ஸ்தானம் தருக. எம்மவருள் இன்னார் தகுதியுடையார் என்று யாம் கேட்டறிய வாய்ப்புத் தருக என்று கேட்ட தீர்மானம் ஒன்றையும் யான் கண்டிலேன். நம் சங்கத்துத் தீர்மானங்களிலும் இல்லை. சென்ற முறை அத்தீர்மானத்தைச் செந்தமிழில் எழுதித் தந்தவனே யான். ஆதலின் இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

என் பள்ளியில் தமிழ் மன்றச் செயலாளர் பதவிக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பர். முன்பெல்லாம் யானே ஒருவனைச் சுட்டுவேன்; பிள்ளைகள் கைதூக்குவர். ஓராண்டு ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ரெண்டு பேரையும் பேசச் சொல்லுங்க, நாங்க கேட்டுட்டுச் சொல்றோம்" என்றான். அவையடக்கமில்லாதவன் என்று முதலில் சினந்தேன். பேசவிட்டேன். யான் சுட்டக் கருதியவன் பேச்சில் சொல் நயம் மிக்கிருந்தது. மற்றவன், நூலகத்துப் பூட்டிய அலமாரியைத் திறப்பிப்பேன் என்று ஒன்றே கூறி அமர்ந்தான். பிள்ளைகள் அவனையே கொண்டனர். அலமாரியும் திறக்கப்பட்டது.

ஆதலின் அடுத்த பொதுக்குழுவில் யான் கொண்டுவர எண்ணியிருக்கும் பிரேரணை இது. கட்சித் தலைமையிடங்களுக்கு நாம் அனுப்பும் விண்ணப்பத்தில், ஸ்தானம் இத்தனை என்னும் வரிக்குக் கீழே மற்றொரு வரி சேர்த்தல் வேண்டும். ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல், பூவிருந்தவல்லித் தொகுதிகளுக்கு மனுக் கொடுத்தோரை, ஜாபிதா வெளியாகுமுன், கட்சி கட்சியாக ஒரு மாலைப்பொழுது ஒரே மேடையில் இருத்துக. வந்தோர் யாவராயினும், எக்குலத்தாராயினும், அவரை வினவ விடுக. முதல் வினாவை யான் இப்போதே எழுதி வைத்திருக்கின்றேன். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கழிவொடு கலந்து கொரட்டூர் ஏரிக்குள் இறங்குவதை எங்ஙனம் நிறுத்துவீர்? எந்த ஆண்டுக்குள்? பணம் எத்துறையினின்று?

இடத்துக்குக் கவலையில்லை. நம் சங்கக் கட்டடத்து மாடிக்கூடத்தில் இருநூறு நாற்காலிகள் உள்ளன.